மேற்கண்டது பொய்

என் கையெழுத்து கோணல். சின்ன ர, பெரிய ற இரண்டும் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஒற்று போட வேண்டிய இடத்தில் விட்டிருப்பேன், விட வேண்டிய இடத்தில் போட்டிருப்பேன். நான்காம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு என் படிப்பெல்லாம் முதலமடையில் ஒரு மாங்காய் ஷெட்டில், பெட்டிக்குள் விரிக்கிற பழைய செய்தித்தாளில்தான் நடந்தது. தாளை விரித்து அதன்மேல் காயை அடுக்குவதற்குள் எவ்வளவு படிக்க முடியுமோ அவ்வளவு படித்தவன். ஆகவே எனக்கு எந்தச் செய்தியின் முடிவும் தெரியாது. பொறுத்துக்கொள்ளவும்.

இப்படித் தொடங்குவதை என் அடக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஊர்ப் பாட்டுப் புத்தகத்தின் ஓரங்களில் எழுதிய எல்லாருமே இப்படித்தான் தொடங்கியிருக்கிறார்கள். ‘கையெழுத்துக் குற்றம் பொறுக்க’ என்று ஆரம்பித்துவிட்டு, அடுத்த வரியில் யாரையாவது திட்டியிருப்பார்கள்.

எங்கள் ஊர் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. மேற்கே பெய்கிற மழை எங்களிடம் வருவதற்குள் தீர்ந்துபோகும். கிழக்கே பெய்கிற மழைக்கு நாங்கள் வேறு மாநிலம். ஆனி முடிந்தும் மழையைக் காணோம் என்றால், அம்மன் கோவிலில் சில சாயங்காலங்கள் உட்கார்ந்து பாட்டுப் படிப்போம். பழைய காலத்துக் கதைப் பாட்டு. ராஜா, காடு, சுயம்வரம், யுத்தம் எல்லாம் உண்டு. எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு புலவர் பாடியது. அதை அச்சில் போட்ட ஆரம்ப காலத்திலேயே எங்கள் ஊருக்கு ஒரு புத்தகம் வந்துவிட்டது. முதல் பக்கங்களைக் கரையான் தின்றுவிட்டதால் புலவர் பெயரும் தெரியாது, அச்சடித்தவர் பெயரும் தெரியாது. யாரென்று தெரியாமலே மூன்று தலைமுறையாகக் கைகூப்பி வருகிறோம். தெரிந்திருந்தால் இவ்வளவு பக்தி இருந்திருக்குமோ என்னவோ.

அந்தக் காலத்து அச்சு ஒரு தினுசு. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. பாட்டு முழுவதும் ஒரே சொல் போல ஓடும். எங்கே பிரிப்பது, எங்கே மூச்சு விடுவது என்று படித்தவர்கள் பென்சிலால் சின்னச் சின்னக் கோடு இழுத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் தாளுக்கு அப்போது பஞ்சமில்லை போல. பாட்டைச் சுற்றி நான்கு பக்கமும், முக்கியமாக அடியில், ஒரு கை அகலத்துக்கு வெற்றிடம் விட்டிருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களிடம் வெற்றிடத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பது அச்சுக்கூடத்தாருக்குத் தெரியாது.

பாட்டுப் படிப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பாடுவார், ஒருவர் பொருள் சொல்வார். பாடுவது யாராக இருந்தாலும் சரி. பொருள் சொல்கிற உரிமை மட்டும் தோப்பும் கிணறும் உள்ள வீட்டுக்குத்தான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. சாவோ சாபமோ வருகிற பாட்டில் அன்றைய படிப்பை நிறுத்தக் கூடாது என்று ஒரு விதி உண்டு. கல்யாணம், மழை, விருந்து இப்படி ஏதாவது வருகிற இடமாகப் பார்த்து நிறுத்த வேண்டும். நிறுத்தின இடத்தில் பாடியவர் ஓரத்தில் ஒரு வரி எழுதி வைப்பார்: கிழமை, வானம் எப்படி. மறுநாள் பாடுபவருக்கு அதுதான் அடையாளம்.

ஒரு வரி என்பதுதான் விதி. அதோடு நின்றவர்கள் குறைவு. ‘இவ்விடம் நிறுத்தியது. செவ்வாய். வானம் வெளுப்பு. வண்டி மாடு ஒன்றைக் காணோம்’ என்று மங்கிப்போன மையில் ஒருவர் எழுதியிருக்கிறார். பத்துப் பக்கம் தள்ளி, யுத்தம் மும்முரமாக நடக்கிற இடத்தில், ‘மாடு கிடைத்தது’ என்று இருக்கிறது. யுத்தத்தில் யார் ஜெயித்தார் என்பது எனக்கு எப்போதும் மறந்துபோகும். மாடு கிடைத்தது மறந்ததில்லை.

என் அப்பாதான் பல வருஷம் பாடினவர். மாந்தோப்பில் காய் பறிக்கிற வேலை. பேசவே மாட்டார். தோப்புக்காரர் வெயிலில் நிற்கச் சொன்னால் நிற்பார், போகச் சொன்னால் போவார். வீட்டில் சாப்பாடு பிடிக்கவில்லை என்றால்கூடத் தட்டைப் பார்ப்பாரே தவிர அம்மாவைப் பார்க்க மாட்டார். அந்தக் கூச்சம் அப்படியே எனக்கு வந்திருக்கிறது. அவர் பள்ளிக்கூடமே போகவில்லை. அந்தப் புத்தகத்தைப் பார்த்தேதான் எழுத்துப் படித்தார். அதனால் அவர் எழுத்து அச்செழுத்து மாதிரியே நேராக, கட்டையாக இருக்கும்.

வெளியே வாய் திறக்காதவர் பக்கத்தின் அடியில் மட்டும் வாயாடி. புலவரோடு அவருக்கு ஓயாத சண்டை. அந்த நாட்டில் குரங்கு உலுக்கின மாம்பழம் விழுந்து விழுந்து குளத்துக் கரை உடைந்தது என்று ஒரு பாட்டு. அடியில் அப்பா: ‘பொய். எத்தனை லோடு?’ ராஜகுமாரிக்கு இடுப்பே இல்லை என்று புலவர் உருகி உருகிப் பாடுகிறார். ‘இடுப்பு இல்லை என்றால் போன பாட்டில் ஒட்டியாணம் கட்டியது எங்கே?’ படையில் பல்லாயிரம் யானை வந்தது. ‘தீனி யார் போட்டது?’ எழுபது எண்பது இடத்தில் இப்படி இருக்கும். அவர் போட்டோ ஒன்று வீட்டில் இருக்கிறது, அதிலும் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறார். அவர் பேசின பேச்சு என்று எனக்கு மிச்சமிருப்பது அந்த ஓரங்கள்தான். அவர் போன பிறகு நான் பாட ஆரம்பித்தேன். மற்றவர் எழுதிய சொல்லைச் சத்தமாகச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. பாடி முடித்துவிட்டு, அடியில் இருப்பதை மனதுக்குள் படித்துக்கொள்வேன்.

போன வருஷம் எங்கள் கோவில் கமிட்டித் தலைவருக்குத் தானே பாடி, தானே பொருளும் சொல்ல வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அவருக்கு ஊரிலும் முதலமடைப் பக்கமும் பெரிய மாந்தோப்பு. முன்பு அவர் அப்பா பொருள் சொன்னார், இப்போது இவர். மைக் வைத்து, நான்கு தெருவுக்கும் குழாய் ஸ்பீக்கர் கட்டி, போனை ஒரு கம்பியில் நிறுத்தி நேரலையும் போட்டாயிற்று.

“ஏம்ப்பா, நீ பக்கத்துல உக்காந்து தாளைத் திருப்பு, போதும்” என்றார் என்னிடம். “உன்ற குரலு மைக்குக்கு எட்டாது.”

“சரிங்ணா” என்றேன். எட்டாது என்பது உண்மைதான்.

அவருக்குப் பென்சில் கோட்டைப் பார்த்து மூச்சு விடத் தெரியாது. பாட்டு முடியும்வரை இழுத்துப் பிடித்துக் கடைசியில் பொத்தென்று விடுவார். கேட்டவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததால் மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பக்கத்தின் கடைசிப் பாட்டு முடிந்தது. அவர் கண் அப்படியே கீழே இறங்கியது. அடியில் அப்பாவின் அச்செழுத்து. அதே ராகத்தில் இழுத்தார்:

“இன்றைக்குச் சுண்டலில் உப்பில்லை… கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை…”

“அண்ணா, அது பாட்டில்லீங்ணா” என்றேன் மெதுவாக. என் காதுக்கு மட்டும் கேட்டதோடு சரி.

அந்தச் சாயங்காலத்தில் சபைக்குப் புரிந்த முதல் வரி அதுதான். “ஆகா” என்று ஒரு சத்தம் எழுந்தது. தலைவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கண்ணை மூடிப் பொருள் சொல்லத் தொடங்கினார். சுண்டல் என்பது இந்த உலக வாழ்வு. பண்டம் நிறைய இருக்கிறது, ருசி இல்லை. ஏன்? உப்பு இல்லை. உப்பு என்பது பக்தி. அதைக் கேட்கிறான் பக்தன். பதில் இல்லை. ஏனென்றால் கடவுள் மௌனமாக இருக்கிறார். சொல்லிக்கொண்டே போனார். முன்வரிசையில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அன்றைக்கு உப்புப் போட மறந்த சமையல்காரர் பெரிய புண்ணியவான்.

நான் தாளைத் திருப்பினேன். திருப்பின பக்கத்தின் அடியில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். “அண்ணா, அடியில இருக்கறது வேண்டாமுங்க” என்றேன். அவர் கையால் என்னை அமர்த்திவிட்டு, மேலே இருந்ததை வேகமாகப் பாடி முடித்து, புரிகிற இடத்துக்கு ஆவலாக வந்தார்:

“தானத்தின் பெருமையைப் பொருள் சொன்னவர்… கிணற்றுக் கதவைப் பூட்டிவிட்டு வந்திருந்தார்…”

இதற்கும் பொருள் வந்துவிட்டது. கிணறு என்பது மனம். தண்ணீர் கருணை. கதவைப் பூட்டியவன் அஞ்ஞானி. “அப்பேர்ப்பட்ட அஞ்ஞானி எல்லா ஊர்லயும் இருப்பான்” என்று சபையைச் சுற்றிப் பார்த்துச் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

“அவர் மகன் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்வரிசையில்…”

அங்கே நின்றது ராகம். ஸ்பீக்கர் மட்டும் உம்மென்று இரைந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் அவர்கள் தோப்புக் கிணறு ஒன்றுதான் கோடையிலும் வற்றாது. அதற்கு இரும்புக் கதவு போட்டுப் பூட்டு போட்டது அவர் அப்பா. இது தெரியாத ஆள் அந்தச் சபையில் இல்லை. மாங்காய் பொறுக்கும் அக்கா ஒருத்தி, வாயைச் சும்மா வைத்திருக்கத் தெரியாதவள், உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்:

“சாவி இன்னமும் அண்ணன் இடுப்புலதானுங்களே இருக்குது!”

உண்மைதான். அன்றைக்கும் இருந்தது. பட்டு வேட்டியிலும் சாவிக்கொத்து துருத்திக்கொண்டு தெரிந்தது. சபை சிரித்த சிரிப்பு நான்கு தெருவுக்கும் போய், நேரலையில் துபாய்வரைக்கும் போயிற்று. சாபம் வருகிற பாட்டா, கல்யாணம் வருகிற பாட்டா என்று பாராமல் அன்றைய படிப்பை அங்கேயே நிறுத்தினார்கள்.

மறுநாள் கமிட்டி கூடியது. என் அப்பாவைக் குற்றம் சொல்ல முடியாது, ஆள் இல்லை. அதனால் புத்தகத்தைக் குற்றம் சொன்னார்கள். தெய்வீகப் பாட்டைக் கண்டவர்கள் கிறுக்கி நாசமாக்கிவிட்டார்களாம். பொள்ளாச்சிக்குக் கொண்டுபோய்ப் புதிதாக பைண்டு செய்ய வேண்டும், அப்படியே நான்கு பக்கமும் ஓரத்தை மிஷினில் வெட்டி, பாட்டை மட்டும் சுத்தமாக நிறுத்த வேண்டும் என்று தீர்மானம்.

“நீயே கொண்டு போயிட்டு வா” என்றார் தலைவர் என்னிடம். எதற்கும் மறுப்புச் சொல்லாத ஆள் என்பதால் எல்லா வேலைக்கும் என்னைத்தான் அனுப்புவார்கள். “எழுத்து ஒண்ணுகூட ஓரத்துல நிக்கப்படாது. பாத்துக்க.”

“சரிங்ணா” என்றேன். என் வாயில் வேறு சொல் ஏது?

வீட்டில் என் மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, அரிசி களைந்துகொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

“அப்ப, மாமனாரத் தூக்கிட்டுப் போயி வெட்டிப்போட்டு வரப் போறீங்களாக்கும்?”

“கமிட்டி முடிவு.”

“வேண்டாமுன்னு ஒரு சொல்லு சொன்னா நாக்கு தேஞ்சு போயிருமுங்களா?”

“அங்க பத்துப் பேரு இருந்தாங்க.”

“இங்க நான் ஒருத்திதான இருக்கறன். இங்க சொல்லிப் பழகுங்க. சொல்லுங்க, வேண்டாம்.”

சொல்லவில்லை. அவள் அரிசியைக் களைந்து முடித்து உலையிலும் போட்டுவிட்டாள்.

மாங்காய்ப் பெட்டி ஒன்றில் வைக்கோல் பரப்பி, புத்தகத்தைக் காய் மாதிரியே நடுவில் வைத்து, பொள்ளாச்சி பஸ் ஏறினேன். கண்டக்டர் பெட்டியைக் காலால் தட்டி, “மாங்காய்ங்களா? இந்த மாசத்துல ஏதுங்க?” என்றார். புத்தகம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. “கடைசிப் பறிப்பு” என்றேன்.

பைண்டிங் கடை பாய் பெரும்பாலும் பில் புக்கும் பள்ளிக்கூடத்து ரெக்கார்டு நோட்டும் தைக்கிறவர். புத்தகத்தை வாங்கி, பழைய தையலைப் பிரித்து, தாள்களைத் தட்டி நேராக்கி மிஷினுக்கடியில் வைத்தார். கத்தி இறங்குகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். “இது வரைக்கும் வெட்டுனாப் போதுமுங்களா?” என்று கேட்டவர், கோடு போன இடத்தில் எழுதியிருந்ததைக் குனிந்து படித்தார். ஒட்டியாணம் எங்கே கட்டினாள் என்ற அந்த வரி. தோள் குலுங்கச் சிரித்தார்.

“யாருங்க இது எழுதுனது?”

“எங்கப்பாவுங்க.”

பாய் மிஷினின் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“வெட்டட்டுங்களா, வேண்டாமுங்களா?”

நான் தலையை ஆட்டினேன்.

“என்னுங்க இது? இந்தத் தலையாட்டு, வெட்டுன்னா, வேண்டாம்னா?”

“வேண்டாம்” என்றேன். அவள் அரிசி களையும்போது சொல்லிப் பழகச் சொன்ன சொல், பொள்ளாச்சியில் வெளியே வந்தது. பாய் ஓரத்தில் ஒரு நூலளவும் குறைக்காமல், சிவப்பு காலிகோத் துணி ஒட்டிய அட்டை போட்டுத் தைத்துக் கொடுத்தார்.

திரும்பி வரும் வழியெல்லாம் தலைவரிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. அவர் தோப்பு வீட்டில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அட்டையைத் தடவிப் பார்த்து, “நல்லாத்தான் பண்ணியிருக்கறான்” என்று பிரித்தார். பிரித்த பக்கத்திலேயே அப்பா.

“என்றா இது? வெட்டச் சொன்னனே!”

“வெட்டலீங்ணா.”

“ஏன்?”

பயத்தில் நாக்கு தானாகச் சொன்னது.

“இல்லீங்ணா… எல்லாரும் ஸ்பீக்கர்ல கேட்டுட்டாங்க. இப்ப வெட்டுனா, அண்ணன்கிட்டப் பதில் இல்லை, அதான் வெட்டிப்போட்டாருன்னு ஆயிருமுங்க.”

அவர் என்னையே பார்த்தார். நான் மண்ணைப் பார்த்தேன். உள்ளே போனவர் ஒரு பேனாவோடும் கமிட்டி ரப்பர் சீலோடும் திரும்பி வந்தார். கட்டிலில் புத்தகத்தை விரித்து, கிணற்றுக் கதவு வரிக்குக் கீழே எழுதினார்: ‘மேற்கண்டது பொய். அன்று மோட்டார் ரிப்பேர். சாவி சிறு பிள்ளையின் விளையாட்டுச் சாமான்.’ கீழே கையொப்பம். ஒப்பின்மேல் சீல்.

எழுதிப் பார்த்தால்தான் தெரியும், பதில் எழுதுவது எவ்வளவு ருசி என்று. அடுத்த பக்கத்தையும் காட்டச் சொன்னார். அப்பா எழுதியது, அவர் அப்பாவைப் பற்றியது: ‘பொருள் சொன்னவர் நடுவில் தூங்கினார். அந்த நேரம் மட்டும் பாட்டு புரிந்தது.’ “அப்பா தூங்குவாருதான்” என்றார் தலைவர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அவர் அப்பா பெயரைக் கோவில் வாசலிலும் தண்ணீர்த் தொட்டியிலும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அவர் உட்கார்ந்தபடியே தூங்கியதை எழுதி வைத்தவர் என் அப்பா ஒருவர்தான். அதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. தலைவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுதினார்: ‘மேற்கண்டது பொய். தியானத்தில் இருந்தார்.’ ஒப்பு. சீல்.

அந்த வாரம் முழுவதும் புத்தகம் அவர் கட்டிலில்தான் கிடந்தது. சுண்டலுக்கு: ‘அன்றைய சுண்டல் எங்கள் வீட்டுச் செலவு அல்ல.’ யானைக்கு: ‘தீனி அரசாங்கம் கொடுத்திருக்கும்.’ ராஜகுமாரியின் இடுப்புக்கும் ஏதோ எழுத நினைத்து, பேனாவை வைத்து எடுத்த புள்ளிகள் மட்டும் இருக்கின்றன. மாம்பழத்தால் கரை உடைந்த இடத்தில், ‘இதில் எழுதியவர் சொல்வது சரி’ என்று எழுதி, அதற்கும் சீல் அடித்திருக்கிறார். வியாபாரி அல்லவா.

இந்த வருஷமும் மழை இல்லை. பாட்டுக்கு ஆயத்தம் செய்கையில் கமிட்டியில் ஒருவர், “ஓரத்தை வெட்டணும்னு தீர்மானம் போட்டமே, என்னாச்சு?” என்றார். தலைவர் எரிந்து விழுந்தார். “கமிட்டி ஒப்பும் சீலும் இருக்கற இடத்தை வெட்ட எவனுக்கு அதிகாரம்?”

பாடுவதும் பொருள் சொல்வதும் மறுபடியும் அவர்தான், தாள் திருப்புவது நான். அவருடைய பதில்களைச் சபை கேட்க வேண்டுமே. பதிலை மட்டும் படித்தால் யாருக்கும் விளங்காது. அதனால் முதலில் என் அப்பா எழுதியதைச் சத்தமாகப் படித்துவிட்டு, பிறகு தன்னுடையதைப் படித்தார். தினமும் சாயங்காலம், குழாய் ஸ்பீக்கரில், நான்கு தெருவுக்கும், தலைவர் வாயால் என் அப்பா பேசினார். கூட்டம் போன வருஷத்தைவிட அதிகம். பாட்டு முடிகிறவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர்கள், பக்கத்தின் அடி வருகிறது என்றால் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

சாவி விளையாட்டுச் சாமான் என்று படித்த அன்று அதே அக்கா கேட்டாள்: “அப்ப கதவும் வெளையாட்டுக்குத்தான் பூட்டுனதுங்களா, அண்ணா?”

“அதுக்குப் பொருள் நாளைக்குச் சொல்றேன்” என்றார். இன்னும் சொல்லவில்லை. கதவும் பூட்டித்தான் இருக்கிறது.

நேற்றோடு இந்த வருஷத்துப் படிப்பு முடிந்தது. மாலையெல்லாம் போட்டுக்கொண்ட பிறகு தலைவர் தாராளமாக, “நிறுத்துன எடத்துல நீயே ஒரு வரி எழுதிரப்பா” என்று பேனாவைக் கொடுத்தார். இத்தனை வருஷத்தில் நான் பாடிய நாட்களில் கிழமையும் வானமும் தவிர எதுவும் எழுதியதில்லை. இந்தத் தடவை கொஞ்சம் கூடுதலாக எழுதலாம் என்று பார்த்தால் இடம் இல்லை. அப்பா எழுதியது போக மிச்சத்தில் அவர் எழுதியிருந்தார், அதுவும் போக மிச்சத்தில் சீல். புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் சொன்னபோது அவள் ஷெட்டிலிருந்து நான் கொண்டுவந்து வைத்திருந்த, ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த பழைய நோட்டீஸ் தாள்களை எடுத்து முன்னால் போட்டாள். “இதுல எழுதுங்க. எத்தனை வருசமா வாயில வெச்சுட்டே இருப்பீங்க?” என்றாள். அந்த ஒரு வரிதான் இவ்வளவு நீளமாகிவிட்டது.

இவ்விடம் நிறுத்தியது. பாட்டில் கல்யாணம். வானம் வெளுப்பு. ஆடி பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை.